பத்தாம் நம்பர் போல்ட் தொலைந்தால்

கார் வேலையின் நடுவில் ஒரு போல்ட் கைநழுவிக் காணாமல் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அது எங்கே போனது? அதற்குப் பதிலாக எதைப் போடலாம்? பலர் முதல் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். 'ஒரு போல்ட்தானே, கடையில் வாங்கிப் போட்டால் போச்சு' என்ற நினைப்புதான் காரணம். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு போல்ட் குறைந்தால் கார் அதுபாட்டுக்கு ஓடும். தொலைந்த அதே போல்ட் ஃபேன் பெல்ட்டுக்கும் அது ஓடும் புல்லிச் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அதனால் தேடுவதிலிருந்தே தொடங்குவோம்.

விழுந்த சத்தம் கேட்டவுடன் கையை நிறுத்துங்கள். காரை நகர்த்த வேண்டாம், சாவியைத் திருப்பவும் வேண்டாம். சிமென்ட் தரையில் விழுந்த போல்ட் இரண்டு மூன்று முறை துள்ளும், அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் போல்ட் காருக்குள்தான் எங்கோ தங்கியிருக்கிறது. இப்போதைய கார்கள் பலவற்றில் இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் இருப்பதால் முதல் சந்தேகம் அங்கேதான். கவரை அடியிலிருந்து உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே போல்ட் இருந்தால் கடகடவென்று காட்டிக்கொடுக்கும். அங்கே இல்லையென்றால் பேட்டரித் தட்டின் மூலை, ஹெட்லைட்டின் பின்புறம், கியர்பாக்ஸின் மேல்பரப்பு, குறுக்கே போகும் சப்ஃபிரேமின் (இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) ஓட்டைகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். டார்ச்சை மேலிருந்து நேராக அடித்தால் எல்லாம் ஒரே கருப்பாகத் தெரியும். பக்கவாட்டில், பரப்போடு பரப்பாகச் சாய்த்து அடித்தால் சின்ன வாஷருக்குக்கூட நீளமாக நிழல் விழும். கண்ணுக்கு முதலில் படுவது அந்த நிழல்தான்.

நீட்டி மடக்கும் காந்தக் குச்சி ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் ஒரு தொல்லை உண்டு. போகிற வழியில் இருக்கும் இரும்பையெல்லாம் பிடித்துக்கொள்ளும், போல்ட் கிடக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. காந்தத் தலையின் பக்கங்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டையோ உருட்டிய தாளையோ மாட்டி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டால் ஒழுங்காக இறங்கும். ஸ்டெயின்லெஸ், பித்தளை, அலுமினியச் சாமான்கள் காந்தத்துக்கு வராது. அவற்றுக்கு மூன்று விரல் போல விரியும் வளைகிற கொக்கி வேண்டும். போனில் செருகும் சின்ன கேமரா வயர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது, வாங்கினால் வருத்தப்பட மாட்டீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பக்கம் உலோகக் குச்சியை விடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் தடிமனான வயர் எப்போதும் பேட்டரி பாசிட்டிவோடு இணைந்தே இருக்கும். குச்சி அதற்கும் பாடிக்கும் நடுவில் பட்டால் வெல்டிங் பட்டறையில் வருவது போலப் பொறி பறக்கும்.

நான்கு இடங்களில் போல்ட் விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதைக் கண்ணால் பார்க்கும்வரை இன்ஜினைச் சுற்றவே கூடாது. திறந்து வைத்த த்ராட்டில் பாடி அல்லது இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி), கவர் கழற்றிய டைமிங் பகுதி (டைமிங் பெல்ட்டோ செயினோ ஓடும் இடம்), பெல்ட் ஓடும் புல்லிகள், ஸ்பார்க் பிளக் குழி. கடைசி இடத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. பிளக் தன் இடத்தில் இருக்கும்வரை குழியில் விழுந்தது சிலிண்டருக்குள் போகாது. ஆகவே முதலில் போல்ட்டை எடுங்கள், பிளக்கை அப்புறம் கழற்றலாம். வரிசை மாறினால் சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியை, பிரிக்கிற வேலையாகிவிடும்.

அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் வேலை செய்கிறவர்கள் காருக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வது நல்லது. விழுவது துள்ளாது, உருளாது, உடனே தெரியும். மழைநீர் வடிகிற கம்பிச் சட்டம் பக்கத்தில் இருந்தால் அதன்மேல் ஒரு அட்டையைப் போட்டு மூடிவிடுங்கள். அந்தச் சட்டத்துக்குள் போனது கிடைக்காது. ஆழமான இடத்தில் போல்ட்டை மாட்டும்போது பாக்ஸ் ஸ்பேனருக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினாலோ, ஒரு துண்டு டிஷ்யூவை வைத்து போல்ட் தலையை அழுத்தினாலோ கவிழ்த்தாலும் விழாது.

அளவு எடுப்பது

கிடைக்கவில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் கடைக்குக் கிளம்பும் முன் அளவு தெரிய வேண்டும். பக்கத்திலேயே அதே வேலையைச் செய்கிற இன்னொரு போல்ட் இருக்கும், அதைக் கழற்றி அளந்துகொள்ளலாம். ஆனால் ஜோடி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. டைமிங் கவர், வாட்டர் பம்ப் போன்ற இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் போல்ட்டுகளே வெவ்வேறு நீளத்தில் இருக்கும்.

பார்க்க வேண்டியவை விட்டம், மரையின் (த்ரெட்) இடைவெளி, நீளம், தலையின் வடிவம், வலிமை. விட்டத்துக்கு வெர்னியர் (இடுக்கிப் பிடித்து அளக்கும் அளவுகோல்) போதும். எம்6 என்றால் பெயரளவில் 6 மிமீ விட்டம், ஆனால் அளந்தால் சரியாக 6 வராது, 5.8 முதல் 5.9 மிமீ வரைதான் காட்டும். எம்8 என்றால் 7.8 முதல் 7.9. இதைப் பார்த்துவிட்டு 'போல்ட் தேய்ந்துவிட்டது' என்று நினைக்க வேண்டாம், தயாரிப்பே அப்படித்தான். மரைக்குத் தனி கேஜ் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு மரையின் முனையில் தொடங்கிப் பத்து இடைவெளிகளை எண்ணி வெர்னியரில் அளந்தால் எம்6-க்கு 10 மிமீ, எம்8-க்கு 12.5 மிமீ வரும். எம்10-இல் கவனம் தேவை. கார்களில் 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. பத்து இடைவெளிக்கு 12.5 வந்தால் முதல் வகை, 15 வந்தால் இரண்டாவது. ஜப்பானிய வழிவந்த கார்களில் 1.25 அதிகம். ஹார்டுவேர் கடையில் வெறுமனே 'எம்10' என்று கேட்டால் கையில் வருவது 1.5.

நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து நுனிவரை அளக்க வேண்டும். தலை பரப்புக்குள் அமிழ்ந்து உட்காரும் வகைக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள். ஜோடி போல்ட் இல்லையென்றால் ஓட்டையின் ஆழத்தைப் பார்க்கலாம். அதற்கு வீட்டில் இருக்கும் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி கிடையாது. உள்ளே விட்டு, மேல்விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து அளந்தால் ஓட்டையின் முழு ஆழம் தெரியும். போல்ட் பிடிக்கப்போகிற பாகத்தின் தடிமனை அதோடு கூட்டி, இரண்டு மூன்று மிமீ கழித்தால் போடக்கூடிய அதிகபட்ச நீளம் கிடைக்கும். அலுமினியத்துக்குள் போகும் போல்ட் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது மரையில் இறங்கியிருக்க வேண்டும். எம்6 என்றால் 9 முதல் 12 மிமீ. குட்டையாக இருந்தால் மேலிருக்கும் சில மரைகள் மட்டும் பாரம் தாங்கி உரிந்துவரும். நீளமாக இருந்தால் இன்னும் மோசம். போல்ட் அடியில் போய் முட்டி நின்றுவிடும், ஸ்பேனரில் இறுக்கம் தெரியும், பாகம் மட்டும் லூசாகவே இருக்கும். 'இன்னும் கொஞ்சம்' என்று திருப்பினால் அலுமினியம் விரிசல் விடும்.

'பத்து' என்றால் எந்தப் பத்து?

சென்னை மெக்கானிக் 'பத்தாம் நம்பர் போல்ட்' என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற போல்ட். அதன் உண்மையான விட்டம் பெரும்பாலும் 6 மிமீ. போல்ட்-நட் கடைக்காரருக்குப் பத்து என்றால் விட்டமே 10 மிமீ. மாருதி, ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் எம்6-க்கு 10, எம்8-க்கு 12, எம்10-க்கு 14 ஸ்பேனர். டாடா, மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன் பக்கம் எம்8-க்கு 13 பிடிக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்8-க்கும் 13 தலைதான். மாருதியில் அதைப் போட்டால் மரை சரியாகவே சேரும். ஆனால் குறுகலான இடமாக இருந்தால் பெரிய தலைக்கு ஸ்பேனர் நுழையாது, அடுத்த சர்வீஸில் கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார்.

இதைவிட ஆபத்தானது நூல் கணக்கு. பழைய ஹார்டுவேர் கடைகளில் இன்னும் இஞ்சு அளவுதான் பேச்சில் இருக்கிறது. ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்சு, அதாவது எட்டில் ஒரு பங்கு. எட்டு மில்லி போல்ட் கேட்டால் 'ரெண்டரை நூல்தானே, இருக்கு' என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ரெண்டரை நூல் 7.94 மிமீ. வெர்னியரில் வைத்தால் எம்8-க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. மரைதான் வேறு. இஞ்சுக்கு 18 மரை இருக்கும் சாதாரண வகையில் பத்து இடைவெளி 14.1 மிமீ வரும். எம்8-இல் 12.5. இதை இன்ஜினின் அலுமினிய ஓட்டையில் விட்டால் கையாலேயே இரண்டு சுற்று அழகாக உள்ளே போகும். அப்புறம் இறுகும். அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுத்தால் ஓட்டையின் மரை மொத்தமும் போய்விடும். பிறகு பெரிதாகத் துளை போட்டு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை வைத்தாக வேண்டும். ரெண்டு நூல் போல்ட்டையும் எம்6-ஐயும் வெர்னியரே பிரித்துக் காட்டிவிடும். 6-க்கு மேல் காட்டினால் அது எம்6 இல்லை.

எனவே கடையில் கேட்கும்போது வாகன மொழியை விட்டுவிட்டு, 'எம்6, ஆறுக்கு இருபது, ஒரு மில்லி மரை, ஃபிளாஞ்ச் தலை, 8.8 கிரேடு' என்று முழுசாகச் சொல்லுங்கள். ஆறுக்கு இருபது என்பது விட்டமும் நீளமும், ஃபிளாஞ்ச் என்பது தலையோடு சேர்ந்த அகலமான விளிம்பு, 8.8 என்பது வலிமை. ஒரு சாம்பிள் போல்ட்டும் அதற்கேற்ற நட்டும் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. புது போல்ட்டில் உங்கள் நட்டை விரலால் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சென்னையில் இதற்கெல்லாம் எங்கே போவது? தனி போல்ட், நட்டு, வாஷர் என்றால் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவும் பிராட்வே சுற்றுவட்டாரமும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். அந்தத் தெருக்களுக்குள் காரை ஓட்டிக்கொண்டு போவது ஒரு போல்ட்டுக்காகப் படத் தேவையில்லாத பாடு. கார் சம்பந்தப்பட்ட கிளிப், வீல் நட்டு, ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷர் இவற்றுக்கு மவுன்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் பிராக்கெட், அதோடு வந்த வித்தியாசமான தலையுள்ள போல்ட் என்று வேறெங்கும் கிடைக்காதவற்றுக்குப் புதுப்பேட்டை. பழைய போல்ட் வாங்குவது தப்பில்லை, ஒரு விலக்கு உண்டு. முதலில் ஒரு அளவுக்கு இறுக்கி, பிறகு 90 டிகிரி திருப்பும்படி சர்வீஸ் மேனுவல் சொல்லும் இடங்களில் வருபவை பெரும்பாலும் ஒருமுறை இழுபட்டு நீளும் போல்ட்டுகள். சிலிண்டர் ஹெட் போல்ட் அப்படிப்பட்டது. அவற்றைப் பழசாக வாங்கவே கூடாது.

தலையில் எழுதியிருப்பது

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் முதல் எண் அறுபடும் வலிமையைச் சொல்கிறது, 800 மெகாபாஸ்கல். இரண்டாவது, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-இல் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 10.9 என்றால் 1000-மும் 900-மும். ஜப்பானிய வழிக் கார்களில் தலையில் வெறும் 7 என்று மட்டும் இருக்கும். அதை 8.8-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், மாற்றாக 8.8 போடலாம். தலையில் எதுவுமே இல்லாத பளபளப்பான போல்ட் பெரும்பாலும் 4.8 அல்லது அதற்கும் கீழே. கேட் கொக்கிக்குப் போதும், பிராக்கெட்டுக்குப் போதாது. கிரேடு எண்ணோடு தயாரிப்பாளரின் அடையாளமும் பொறித்திருக்க வேண்டும். எண் மட்டும் இருந்து அடையாளம் இல்லையென்றால் அந்த 8.8-ஐ நான் நம்ப மாட்டேன். சென்னைப் பாடியில் போல்ட் தயாரிக்கும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் தொழிற்சாலை இருக்கிற ஊரில், அடையாளம் தெரியாத போல்ட்டைத் தேடி வாங்க வேண்டிய அவசியம் என்ன?

அப்படியானால் எல்லா இடத்திலும் தலையில் அறுகோணக் குழி உள்ள 12.9 ஆலன் போல்ட் போட்டுவிடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். தேவையில்லை. அதன் தலை சிறியது, அகலமான ஃபிளாஞ்ச் கிடையாது, மெல்லிய தகட்டில் அமிழ்ந்துவிடும். கருப்புப் பூச்சு நம் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

துரு என்றதும் அடுத்து வருவது ஸ்டெயின்லெஸ் ஆசை. திருவான்மியூரிலும் எண்ணூரிலும் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் வலிமை 700, நீளத் தொடங்குவது 450-லேயே. 8.8-க்கு அது சமமில்லை. இன்னொன்று, ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட் புதுசு போல இருக்கும், ஓட்டை வெள்ளைப் பொடியாகும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை எண்ணெய் இல்லாமல் வேகமாக இறுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மட்ஃபிளாப், வீல் ஆர்ச் லைனர் (சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை) ஸ்க்ரூ போன்ற பாரமில்லாத இடங்களில் ஸ்டெயின்லெஸ் நன்றாக உழைக்கும். இன்ஜின் பாகங்களில் ஜிங்க் பூசிய 8.8 போதும்.

நம்பர் பிளேட் விஷயத்தில் ஒரு குறிப்பு. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான கார்களில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும், ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத ஸ்னாப் லாக்கும் வருகின்றன. அது உடைந்தால் கடை ஸ்க்ரூ போட்டுச் சமாளிக்கக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் மாற்ற வேண்டும்.

கிளிப்புகள்

போல்ட்டைவிட அதிகம் தொலைவதும் உடைவதும் பிளாஸ்டிக் புஷ் கிளிப்தான். பம்பரின் மேல்விளிம்பு, வீல் ஆர்ச் லைனர், இன்ஜின் அடிக்கவர் எல்லாம் இதை நம்பித்தான் தொங்குகின்றன. 'பத்து கிளிப்பில் ரெண்டு இல்லை, அதனால் என்ன' என்று விட்டுவிடுவது இங்கே சகஜம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஒருமுறை ஓட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிடும். அடிக்கவரின் முன்விளிம்பில் ஒரு கிளிப் குறைந்தாலும் தண்ணீர் அந்த இடைவெளியில் புகுந்து கவரைக் கீழே வளைத்து மற்ற கிளிப்புகளையும் பிடுங்கிவிடும். அடுத்த வேகத்தடையில் கவர் தரையில் உரசும். லைனர் என்றால் அவிழ்ந்த ஓரம் டயரில் உரசி, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கொடுக்கும். லைனருக்கு முன்பக்கக் கிளிப்பும் அடிப்பக்கக் கிளிப்பும்தான் முக்கியம். மேலே ஒன்று குறைந்தால் தாங்கும்.

கிளிப் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் கழற்றும் முறை. நடுப்பின்னை வெளியே தூக்கிக் கழற்றுவது ஒரு வகை. அதன் தலையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் நுழையும் பள்ளம் இருக்கும். நடுப்பின்னை உள்ளே தள்ளிக் கழற்றுவது இன்னொரு வகை. அதில் பள்ளம் இருக்காது, நடுவில் சின்னக் குழி மட்டும் இருக்கும், மெல்லிய பேனா முனையால் சில மில்லி உள்ளே அழுத்தினால் மொத்தமும் தளரும். ஓங்கி அழுத்தினால் பின் உள்ளேயே விழுந்து தொலையும். மூன்றாவது, ஸ்டார் தலையோடு திருகி எடுப்பது. அதைத் திருப்பும்போதே விரலால் வெளியே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த வகை என்று பார்க்காமல் வெளிவட்டத்தில் நெம்பினால் கால்கள் முறியும். இன்ஜின் சூட்டிலேயே பல வருஷம் இருந்த பிளாஸ்டிக் காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும், சரியாகக் கழற்றினாலும் சில உடையத்தான் செய்யும்.

புதிது வாங்க ஓட்டையின் விட்டம் வேண்டும். டிரில் பிட்டின் பின்பக்கத்தை வைத்துப் பாருங்கள். 7 நுழைந்து 8 நுழையவில்லையென்றால் 7 மிமீ ஓட்டை. கார்களில் பெரும்பாலும் 6 முதல் 10 மிமீக்குள் இருக்கும். ஓட்டையைவிடச் சின்ன கிளிப் முதல் மழையிலேயே விழும். பெரிய கிளிப்பை அடித்து நுழைத்தால் பம்பரின் காது கிழியும். இரண்டு பாகமும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது மொத்தத் தடிமன் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். கால் குட்டையான கிளிப் அடியில் விரியாது.

'எல்லா காருக்கும்' என்று நூறு கிளிப் போட்ட டப்பா விற்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், ஆனால் அவற்றின் பிளாஸ்டிக் பெரும்பாலும் கடினம், வளையாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கம்பெனி கவுண்டரிலோ அசல் கிளிப் தனித்தனியாகவே கிடைக்கும். பார்ட் நம்பர் தெரிந்தால் பேச்சே வேண்டாம். சுசுகியில் கிளிப் நம்பர்கள் 09409 என்று தொடங்கும், டொயோட்டாவில் 90467. ஹூண்டாயில் பல மாடல்களுக்குப் பொதுவான பம்பர் கிளிப் 86590-28000. மாட்டும்போது நடுப்பின்னை முதலில் மேலே தூக்கி வைத்து, கால்களை ஓட்டைக்குள் முழுசாக இறக்கி, அதன்பின் பின்னை அழுத்த வேண்டும். பின் உள்ளே இருக்கும்போதே அடித்து இறக்கியது பிடிக்காது.

கிளிப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டியது யு வடிவ ஸ்பிரிங் தகட்டு நட்டு. லைனரையும் பம்பரையும் சேர்க்கும் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ இதில்தான் பிடிக்கும். ஸ்க்ரூவைக் கழற்றியதும் இது சத்தமில்லாமல் நழுவிப் பம்பருக்குள் விழும். திரும்பப் போடும்போது ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றும், 'மரை போய்விட்டது' என்று பெரிய ஸ்க்ரூவைப் போட்டு ஓட்டையைக் கெடுப்பார்கள். தொலைந்தது நட்டு, ஸ்க்ரூவின் மேல் பழி. நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு ஒரு பழக்கம் போதும். முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய மரையில் உட்காரும்போது ஒரு 'டிக்' தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் புது மரை வெட்டாது.

மாற்றே கிடையாது என்கிற இடங்கள்

பிரேக் கேலிப்பரை (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பாகத்தை) பிடிக்கும் போல்ட், சஸ்பென்ஷன் போல்ட், ஸ்டியரிங் பாகங்கள், சீட் பெல்ட், சீட் அடிப் போல்ட். இவற்றில் எது தொலைந்தாலும் அசல் பார்ட் நம்பரில் வாங்குங்கள், வரும்வரை கார் நிற்கட்டும். லிங்கிச் செட்டித் தெருவின் நல்ல 10.9-கூட இங்கே வேண்டாம். கேலிப்பர் போல்ட்டின் மரையில்லாத தண்டுப் பகுதியின் நீளமும் தடிமனும் வெளியே தெரியாத வேலை செய்கின்றன. அதற்கு மாறாக, டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ உடைந்து போனால் பதற வேண்டாம். ஓடும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது டிஸ்க் ஆடாமல் இருக்க மட்டுமே அந்த ஸ்க்ரூ.

சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இணைப்புகளான பால் ஜாயின்ட், டை ராட் முனைகளில், பள்ளங்கள் உள்ள கிரீட நட்டில் செருகும் ஸ்பிளிட் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஆணியோ கட்டுக்கம்பியோ அதற்கு மாற்று ஆகாது. ஓட்டையும் நட்டின் பள்ளமும் நேருக்கு நேர் வரவில்லையென்றால் நட்டை அடுத்த பள்ளத்துக்கு இறுக்குங்கள், திரும்பத் தளர்த்த வேண்டாம். நைலான் வளையம் வைத்த நட்டு 120 டிகிரிக்கு மேல் பிடிப்பை இழக்கும் என்பதால் சைலன்சர் பக்கம் உதவாது.

ஆயில் டிரெயின் பிளக்கின் வாஷர் அடிக்கடி பழைய ஆயிலோடு சேர்ந்து தட்டில் விழுந்து தொலையும். டொயோட்டாவின் பல மாடல்களில் அது 90430-12031, ஹோண்டாவில் 94109-14000. ஆயில் வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடலாம். அதற்குப் பதிலாக டெஃப்லான் டேப் சுற்றுவது வீட்டுக் குழாய் வேலை. கிழிந்த துணுக்கு ஆயிலுக்குள் போகும்.

வீல் நட்டில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. மாருதி எம்12-இல் 1.25 மரை, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா 1.5 மரை. ஒன்றை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்றில் இறுகி, நட்டு ஏறும் தண்டான ஸ்டட்டைக் கெடுக்கும். நட்டு சக்கரத்தில் உட்காரும் முகமும் பொருந்த வேண்டும். ஹோண்டாவின் அசல் ரிம்முக்கு உருண்டை முகம், வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு. மாறிப் போட்டால் தொடுவது மெல்லிய ஒரு கோடு மட்டும், இறுக்கத்தை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றாலும் நட்டு தளரும். ஒரு சக்கரத்தின் நாலு நட்டும் சாக்கடைக்குள் போய்விட்டால், மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டு எல்லாவற்றிலும் மூன்றாக்கி, மெதுவாக நேரே கடைக்குப் போகலாம். கடைக்கு மட்டும்.

மாட்டும்போது

புதுப் போல்ட்டை முதல் மூன்று நான்கு சுற்று விரலால் திருப்புங்கள். விரலுக்கு வராதது ஸ்பேனருக்கும் வரக் கூடாது. எந்த இறுக்கம் என்று சர்வீஸ் மேனுவல் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இல்லாத சாதாரண இடங்களில் 8.8 எம்6-க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25, எம்10-க்கு 48 வரை. அலுமினியத்திலும் ரப்பர் கேஸ்கெட் உள்ள இடங்களிலும் இதைவிடக் குறைவு. 10 நியூட்டன் மீட்டர் என்பது 15 செமீ கைப்பிடியின் நுனியில் ஏழு கிலோ எடையளவுக்கு அழுத்துவதுதான். நீளமான ராட்செட்டால் எம்6-ஐ இறுக்கி அறுக்கிறவர்கள் ஏராளம். போல்ட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் ஆன்டி-சீஸ் பசை தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். 20 சதவீதமாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்வில் தளரும் இடத்துக்கு மரையைப் பிடித்து வைக்கும் பசையான லாக்டைட் 243, நீல நிறம், இரண்டு சொட்டு போதும். முழுப் பிடிப்பு வர 24 மணி நேரம் ஆகும். சிவப்பு 271-ஐ வாங்கிவிடாதீர்கள், கழற்ற ஹீட் கன் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவில் இந்தப் பசையைத் தடவக் கூடாது, பல வகைப் பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விட்டு உடையும்.

தற்காலிகத்துக்கு அடிக்கவரையும் லைனரையும் ஜிப் டை போட்டுக் கட்டலாம், கருப்பு நிறம் வெயில் தாங்கும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது இருக்கட்டும். பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு ஜிப் டை சரிவராது. பேட்டரி சாய்ந்தால் பாசிட்டிவ் டெர்மினல் பானெட்டில் படும்.

அடுத்த முறைக்கென்று ஒரு சின்ன டப்பாவில் எம்6 ஃபிளாஞ்ச் போல்ட் 16, 20, 25 மிமீ நீளத்தில் ஐந்தைந்து, எம்8-இல் 20, 30 மிமீ நாலு நாலு, அவற்றுக்கு நட்டும் வாஷரும், உங்கள் காரின் அடிக்கவர் கிளிப் பத்து, யு நட்டு நாலு, டிரெயின் வாஷர் இரண்டு, ஒரு வீல் நட்டு. வாங்கும்போதே பேக்கெட்டின் பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி கிளிப்பைப் போட்ட அன்றே பேக்கெட் குப்பைக்குப் போய்விடும்.